சட்டியில் இருந்தால்தானே...

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இது வழக்கமா நான் போடற சினிமா விமர்சனமோ, ஊர்ப்பயணக் கதையோ, மொக்கையோ இல்லை. ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு. பல தடவை திறந்து ரெண்டு வரி திருத்தி, திரும்ப மூடி வெச்சிருக்கேன். போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்த பிறகு, இனிமேலும் மூடி வெக்கறது சரியில்லைன்னு தோணிச்சு. தங்கமணிகிட்ட படிக்கக் கொடுத்து, அவங்க "போடுங்க"ன்னு சொன்ன பிறகுதான் பப்ளிஷ் பட்டனை அமுக்கறேன்.

வளைகாப்புல என்ன நடந்துச்சுன்னா...

சொந்தக்காரப் பொண்ணுக்கு வளைகாப்பு. எல்லாரும் வரிசையா போய் சந்தனம் பூசி வளையல் போட்டுட்டு வர்றாங்க. ஒரு பொண்ணு மட்டும் தூண் ஓரமா நின்னுக்கிட்டு, பந்தி இலைக்கு உப்பு வெக்கப் போறேன்னு நழுவப் பாக்குது. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தையில்லை. ஒரு பெரியம்மா அதுகிட்ட, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "சஷ்டி விரதம் இரு தாயி. சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்"னாங்க. அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டு உப்புக் கிண்ணத்தோட போயிடுச்சு.

அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர், நல்லா வாட்டசாட்டமான தம்பி, பந்தியில சாம்பார் வாளியோட சிரிச்சுக்கிட்டே ஓடிக்கிட்டிருந்தாரு. சாப்பாடெல்லாம் முடிஞ்ச பிறகு ஓரமா கூட்டிட்டுப் போய் கேட்டேன்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எனக்கெதுக்குண்ணே? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா, இது என்னோட வசனம். வார்த்தை மாறாம இதையேதான் நான் மூணு வருஷம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

---

எங்களுக்கு 2013-ல கல்யாணம். ஒரு வருஷம் யாரும் ஒண்ணும் கேக்கலை. அப்புறம் ஆரம்பிச்சுது, "ஏதும் விசேஷம் உண்டா?" போன்ல, கோயில்ல, கல்யாணத்துல, ஏன், துக்க வீட்ல கூட. கேட்டவங்க ஒருத்தரும் என் முகத்தைப் பாத்துக் கேக்கலை. எல்லாரும் தங்கமணியோட வயித்தைப் பாத்துத்தான் கேட்டாங்க.

2014 கடைசியில டாக்டர்கிட்ட போனோம். அந்தம்மா முதல் நாளே ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. என் சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சேன். சட்டை துவைக்கப் போச்சு, சீட்டும் போச்சு. அடுத்த தடவை கேட்டப்போ "ஆபீஸ்ல ஆடிட்டிங் டாக்டர், அடுத்த மாசம் எடுத்துடறேன்"னேன். அதுக்கடுத்த தடவையிலேர்ந்து நான் உள்ளயே போகலை. வெளியில வண்டியைப் பாத்துக்கறேன்னு நின்னுட்டேன்.

அந்த மூணு வருஷத்துல தங்கமணிக்கு நடந்ததைக் கணக்குப் போடறேன். மாசாமாசம் முட்டை வளர்ற ஸ்கேன். முட்டை வளர மாத்திரை, அதனால வந்த தலைவலி. கருக்குழாய் அடைப்பு இருக்கான்னு மருந்தை உள்ள செலுத்தி எடுக்கற எக்ஸ்ரே. வலி தாங்காம என் கையைப் பிடிச்சு நசுக்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. கடைசியா மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி. இதுக்கு நடுவுல அரசமரம், தொட்டில் கட்டறது, வெறும் வயித்துல வேப்பங்கொழுந்து, ஆறு வாரம் சஷ்டி விரதம். எல்லா ரிப்போர்ட்லயும் ஒரே பதில்தான். எல்லாம் நார்மல்.

எல்லாம் நார்மல்னா வேற எங்கயோதானே தப்பு இருக்கணும்? இஞ்சினியரிங் படிச்சவன் நான். ஒரு சர்க்யூட்ல ஒரு பக்கம் மட்டும் மூணு வருஷம் செக் பண்ணிக்கிட்டு இருந்தா எவனாவது ஒத்துக்குவானா? ஆனா எனக்கு அது தோணலை. தோணலைன்னு சொல்றது கூடப் பொய். தோணிச்சு. பயமா இருந்துச்சு.

2017-ல வேற ஒரு டாக்டர். ஃபைலைப் புரட்டிப் பாத்துட்டு பேனாவைக் கீழ வெச்சாரு.

"உங்க ரிப்போர்ட் எங்க சார்?"

"இன்னும் எடுக்கலை டாக்டர்."

"அம்மாவோட ஃபைல் இவ்வளவு தடிமனா இருக்கு. உங்களுது ஒரு பக்கம் கூட இல்லையே?"

அதுக்கு மேல அவரு ஒண்ணும் திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

சில நூறு ரூபாய் டெஸ்ட். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, வலி கிடையாது. ஒரு ரூம், ஒரு டப்பா, கொஞ்சம் வெக்கம். அவ்வளவுதான். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு. ஒரு மில்லியில குறைஞ்சது ஒன்றரைக் கோடி விந்தணு இருக்கணும்ங்கறது அப்போதைய அளவுகோல் (2021-ல வந்த உலக சுகாதார நிறுவனத்தோட புதுக் கையேட்டுல அது 1 கோடியே 60 லட்சம்). எனக்கு இருந்தது 6 லட்சம். ஒரு விந்தணு உருவாகி முழுசாகறதுக்கு ரெண்டரை மாசம் போல ஆகும்கறதால, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாங்க. அப்பவும் அதே கதைதான்.

---

இதுக்கு நடுவுல இன்னொரு இடத்துல போய் விசாரிச்சோம். ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் பாத்துட்டு "இக்ஸி பண்ணிடலாம் சார், பேக்கேஜ் இருக்கு"ன்னு ரேட் கார்டை நீட்டினாங்க. ஏன் கம்மியா இருக்குன்னு ஒரு கேள்வி கூட இல்லை.

இக்ஸி தெரியாதவங்களுக்கு: ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியில எடுத்து நேரா கருமுட்டைக்குள்ள செலுத்தறது. 1992-ல பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ்ல முதல் முதலா வெற்றிகரமா செஞ்சு காட்டினாங்க. அதுக்கு முன்னாடி என்னை மாதிரி ஆளுங்களுக்கு அநேகமா வழியே கிடையாது. அந்தக் கண்டுபிடிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அதனாலதான் இன்னிக்கு என் வீட்ல ஒருத்தன் சுவத்துல கிறுக்கிக்கிட்டு இருக்கான். ஆனா அந்த ஊசி, எதனால எண்ணிக்கை குறைஞ்சுதுங்கற கேள்வியைச் சுலபமா தாண்டிப் போயிடுது. இயற்கை மூடி வெச்ச கதவை நாம வேற வழியா திறக்கறோம். கதவு ஏன் மூடியிருந்துச்சுன்னு பாத்துட்டுத் திறக்கணும் இல்லையா?

எங்க டாக்டர் விடலை. "இவ்வளவு கம்மியா இருந்தா ஜெனடிக் டெஸ்ட் பாக்காம நான் இக்ஸிக்கு அனுப்ப மாட்டேன்"ன்னாரு. ரத்தம் எடுத்து ரெண்டு டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. மொத்தக் குரோமோசோம்களையும் எண்ணிப் பாக்கறது ஒண்ணு. ஒய் குரோமோசோம்ல ஏதாவது துண்டு காணாமப் போயிருக்கான்னு பாக்கறது இன்னொண்ணு. மூணு வாரம் காத்திருந்தோம். அந்த மூணு வாரத்துல எனக்கு ராத்தூக்கம் இல்லை. "இப்படித்தான் எனக்கு மூணு வருஷம் இருந்துச்சு"ன்னு தங்கமணி சொல்லியிருக்கலாம். சொல்லலை.

ரிசல்ட் வந்துச்சு. குரோமோசோம் 46, எக்ஸ்ஒய், நார்மல். ஆனா ஒய் குரோமோசோம்ல ஏ.இசட்.எஃப்-சி-ங்கற பகுதி காணலை.

---

இப்போ கொஞ்சம் அறிவியல். கொட்டாவி விடாம படிங்க, விஷயம் சுவாரசியமானதுதான் :-)

நம்ம குரோமோசோம் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும். ஒண்ணுல பிழை வந்தா ஜோடியைப் பாத்து திருத்திக்கலாம். ஆம்பளையோட ஒய் குரோமோசோம் தனிக்கட்டை. பாத்துத் திருத்த ஜோடி கிடையாது. அதனால அது ஒரு தந்திரம் பண்ணி வெச்சிருக்கு. முக்கியமான ஜீன்களைத் தனக்குள்ளயே ரெண்டு பிரதியா, ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பாத்த மாதிரி எழுதி வெச்சிருக்கு. நம்ம 'விகடகவி' மாதிரி, எந்தப் பக்கத்திலேர்ந்து படிச்சாலும் ஒண்ணுதான். இப்படி எட்டு பெரிய விகடகவிகள் ஒய் குரோமோசோம்ல இருக்குன்னு 2003-ல கண்டுபிடிச்சாங்க. ஒண்ணுல பிழை வந்தா இன்னொண்ணைப் பாத்து சரி பண்ணிக்கும்.

ஆனா இந்தத் தந்திரத்துலயே ஒரு ஆபத்தும் இருக்கு. ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப இருந்தா, காப்பி எடுக்கும்போது வரி தப்பும். பள்ளிக்கூடத்துல போர்டைப் பாத்து எழுதும்போது ஒரே வார்த்தை ரெண்டு வரியில இருந்தா, நடுவுல ஒரு பத்தியையே விட்டுட்டு எழுதிடுவோமே, அதே கதைதான். அப்படி எனக்கு விட்டுப்போன பத்தியோட நீளம் சுமார் 35 லட்சம் எழுத்து. 2023-ல ஒய் குரோமோசோமை முதல் தடவையா ஒரு எழுத்து விடாம படிச்சு முடிச்சப்போ மொத்தம் 6 கோடியே 24 லட்சத்துக்கு மேல எழுத்து இருந்துச்சு. அதுல இது பொடி சைஸ்தான். ஆனா விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஜீன்கள் அங்கதான் உக்காந்திருக்கு.

இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்சதும் இல்லை. 1976-லயே இத்தாலியில டியெபோலோ, சுஃபார்டின்னு ரெண்டு விஞ்ஞானிகள் குழந்தையில்லாத 1170 ஆண்களைப் பரிசோதிச்சு, அதுல 6 பேருக்கு ஒய் குரோமோசோமோட வால் பகுதி உடைஞ்சிருக்குன்னு பாத்தாங்க. அந்த ஆறு பேருக்கும் விந்தணு சுத்தமா கிடையாது. பின்னாடி 1996-ல அந்த இடத்தை ஏ, பி, சி-ன்னு மூணாப் பிரிச்சாங்க. நம்ம நாட்டு ஆட்களுக்கும் இது உண்டான்னு கேக்கறவங்களுக்கு, ஐதராபாத் சி.சி.எம்.பி ஆய்வகத்துல விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களைப் பாத்து 2003-ல வெளியிட்ட ஆய்வுல 8.5 சதவீதம் பேருக்கு ஒய் குரோமோசோம்ல இப்படி ஓட்டை இருந்துச்சு. அதாவது பன்னெண்டு பேர்ல ஒருத்தர்.

---

"சரி, ஜீன்லயே இல்லைன்னு தெரிஞ்சு என்னய்யா பிரயோஜனம்? அதை ஒட்டவா முடியும்?" இதைப் படிச்ச படிச்ச ஆளுங்களே என்கிட்ட கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். ஒட்ட முடியாது. ஆனா எந்தக் காரணம்னு தெரிஞ்சா, அடுத்து எந்தப் பக்கம் போகணும், எந்தப் பக்கம் போகவே கூடாதுன்னு தெரியும்.

என்னோடது 'சி' பகுதி. இதுல கொஞ்சம் அணுவாவது இருக்கும், இல்லைன்னா விரையிலேர்ந்து எடுக்கப் பாதிப் பேருக்காவது வாய்ப்பு உண்டு. இதுவே 'ஏ' பகுதி முழுசாவோ, 'பி' பகுதி முழுசாவோ போயிருந்தா, விரையைக் கீறித் தேடினாலும் அநேகமா ஒண்ணும் கிடைக்காது. அது தெரியாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அதே நாள்ல பொண்டாட்டிக்கும் ஊசி போட்டு முட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, கடைசியில "சாரி சார்"னு சொல்ற நிலைமையை நினைச்சுப் பாருங்க. சில ஆயிரம் ரூபாய் ரத்த டெஸ்ட் அதைத் தடுத்துடும்.

கிளைன்ஃபெல்டர்னு ஒண்ணு இருக்கு. ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடுதலா, அதாவது எக்ஸ்எக்ஸ்ஒய். இதை அபூர்வம்னு நினைக்காதீங்க. சுமார் 600 ஆண் குழந்தைகள்ல ஒண்ணுக்கு இருக்கு. நல்ல உயரமா, வேலைக்குப் போய்க்கிட்டு, வண்டி ஓட்டிக்கிட்டு நம்ம நடுவுலதான் இருப்பாங்க. நிறைய பேருக்குக் குழந்தையில்லைன்னு டெஸ்ட் பண்ணும்போதுதான் தெரியவே வரும். பல பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. 1942-ல அந்த அறிகுறிகளை எழுதினாங்க, 1959-ல குரோமோசோம் காரணம் தெரிஞ்சுது. இப்போ மைக்ரோஸ்கோப் வெச்சு விரைக்குள்ள தேடினா இவங்கள்ல நாற்பது ஐம்பது சதவீதம் பேருக்கு அணு கிடைக்குது. குழந்தை விஷயத்தைத் தாண்டியும் இதைத் தெரிஞ்சுக்கணும். ஏன்னா ஹார்மோன் குறைவால எலும்பு தேய்மானம், சர்க்கரை எல்லாம் இவங்களுக்கு சீக்கிரம் வரலாம்.

சிலருக்கு அணு உற்பத்தி ஜோரா நடக்கும், ஆனா வெளியில வர்ற குழாயே பிறவியிலேர்ந்து இருக்காது. இதுக்கு சி.எஃப்.டி.ஆர்-ங்கற ஜீன்ல வர்ற மாற்றம் ஒரு முக்கியக் காரணம். ஊசியால அணுவை எடுத்துடலாம், சுலபம். ஆனா அதே ஜீன்ல மனைவிக்கும் ஒரு மாற்றம் இருந்துச்சுன்னா, பொறக்கற குழந்தைக்கு நுரையீரலையும் செரிமானத்தையும் வாட்டற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வர வாய்ப்பு இருக்கு. அதனால இக்ஸிக்கு முன்னாடி மனைவிக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணும்.

இன்னும் சிலருக்குக் குரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கும், ஆனா ரெண்டு குரோமோசோம் தங்களுக்குள்ள துண்டை மாத்திக்கிட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா உருவாகற கருவுல கணக்கு தப்பும். கரு தங்காது. ரெண்டு, மூணு, நாலுன்னு கலையும். ஊரே "அவளுக்குக் கர்ப்பப்பை வீக்கு"ன்னு சொல்லும். துண்டு மாறினது அவன்கிட்டயா அவகிட்டயான்னு ரெண்டு பேர் ரத்தத்தையும் பாத்தாதானே தெரியும்?

கடைசியா ஒரு நல்ல சேதி. கால்மன்னு ஒரு பிரச்சனை. இவங்களுக்கு மூளையிலேர்ந்து வரவேண்டிய ஹார்மோன் கட்டளை வராது. வேடிக்கை என்னன்னா, இவங்களுக்கு மல்லிகைப்பூ வாசனையும் தெரியாது, சாம்பார் வாசனையும் தெரியாது. மோப்ப நரம்பும் அந்த ஹார்மோன் செல்லும் கருவுல ஒரே பாதையில பயணம் பண்றதால ரெண்டும் சேர்ந்து தடம் மாறிடுது. இதுவும் ஜீன் கோளாறுதான். ஆனா ஹார்மோன் ஊசி மாசக்கணக்குல போட்டா நிறைய பேருக்கு அணு உற்பத்தியே ஆரம்பிச்சுடும். இதைக் கண்டுபிடிக்காம லேகியம் தின்னுக்கிட்டு இருக்கறவனோட நஷ்டத்தை என்னன்னு சொல்றது?

லேகியம்னதும் ஞாபகம் வருது. காரணம் தெரியாததால நானும் ஒரு வருஷம் "கவுன்ட் ஏத்தற" பவுடர் தின்னேன். காணாமப் போன 35 லட்சம் எழுத்தை எந்தப் பவுடரும் எழுதித் தராது. இன்னொண்ணு, ஜிம்முக்குப் போற தம்பிகள் கவனிங்க. உடம்பு ஏத்தறேன்னு டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டா, அது விந்தணு உற்பத்தியைக் கூட்டாது, அடக்கிடும்.

---

ரிப்போர்ட் வந்த ராத்திரி நான் தங்கமணிகிட்ட சொன்னது, "இதை வீட்ல சொல்ல வேண்டாம்." சொல்லும்போதே எனக்கு அசிங்கமா இருந்துச்சு. மூணு வருஷமா அவங்க பேர்ல இருந்த பழி. காரணம் என்கிட்டன்னு தெரிஞ்ச பிறகும் அந்தப் பழியை அவங்களையே சுமக்கச் சொல்றேன். அவங்க "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. லேப்ராஸ்கோப்பிக்குப் போட்ட மூணு சின்னத் தழும்பு அவங்க வயித்துல இன்னும் இருக்கு. மூணும் என் கணக்குல எழுத வேண்டியது.

அடுத்த மாசம் ஊருக்குப் போனப்போ அம்மா வழக்கம்போல தங்கமணிகிட்ட, "பக்கத்துத் தெருவுல ஒருத்தி நாட்டு மருந்து சாப்பிட்டா, மூணே மாசம்"னு ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறந்துட்டேன்.

"அம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்லை. குறை என்கிட்டதான். இனிமே அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

வீடு அமைதியாயிடுச்சு. அப்பா பேப்பரை மடிச்சு வெச்சாரு. அம்மா ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டது, "நீ வயித்துல இருக்கும்போது நான் ஏதும் திங்கக் கூடாததைத் தின்னுட்டேனாடா?"

பாருங்க. மருமகள் மேல இருந்த பழியை எடுத்தா, அடுத்த நிமிஷம் அதைத் தன் தலையில வெச்சுக்கறாங்க. அது ஏன் எப்பவும் ஒரு பொம்பளை தலையிலயே போய் உக்காருது? ஒய் குரோமோசோம் அம்மாகிட்டேர்ந்து வர்றதே இல்லைன்னு அவங்களுக்குப் புரியவெக்க அரை மணி நேரம் ஆச்சு. அப்போ அப்பா முகம் மாறுச்சு. அவருக்கும் சொன்னேன், "உங்ககிட்டயும் தப்பில்லைப்பா. நீங்க ரெண்டு பையனைப் பெத்தவரு. பெரும்பாலும் அப்பாவோட ஒய் முழுசா இருக்கும். காப்பி ஆகும்போதுதான் வரி தப்பும். யாரும் செஞ்ச பாவமும் இல்லை, சாபமும் இல்லை."

(எக்ஸ் குரோமோசோம்லயும் விந்தணுவுக்கு வேண்டிய ஜீன்கள் உண்டு. டெக்ஸ்-11-ங்கற ஜீன் கெட்டா விந்தணு உற்பத்தி பாதியில நிக்கும்னு 2015-ல கண்டுபிடிச்சாங்க. அது அம்மா வழியா வர்றது. அதுக்காக அம்மாவைத் திட்டக் கிளம்பிடாதீங்க. ஜீனை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கறதில்லை.)

அன்னிக்கு ராத்திரி அம்மா தங்கமணிக்குத் தலை பின்னி விட்டாங்க. மன்னிப்பெல்லாம் கேக்கலை. எங்க வீட்ல மன்னிப்பு இப்படித்தான் கேப்பாங்க.

---

இப்போ கஷ்டமான விஷயத்துக்கு வர்றேன்.

இக்ஸி பண்ணி எனக்குப் பையன் பொறந்தா, என் ஒய் குரோமோசோம் அப்படியே அவனுக்குப் போகும். ஓட்டையோட. பொண்ணு பொறந்தா இந்தப் பிரச்சனையே இல்லை. அப்போ பொண்ணா பாத்து வெச்சுக்கலாமேன்னா, கரு தரிக்கறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ பாலினம் தேர்ந்தெடுக்கறது நம்ம நாட்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு தமிழ்நாட்டுல இருக்கற நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"தெரிஞ்சே ஒரு பையனுக்கு இதைக் கொடுக்கறது நியாயமா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நாங்க ரெண்டு பேரும் பல ராத்திரி பேசினது இதைத்தான். தத்தெடுக்கறதைப் பத்தியும் பேசினோம், டோனர் அணுவைப் பத்தியும் பேசினோம். அந்த வழியில போனவங்க யாரும் எங்களை விட ஒரு மாத்து குறைஞ்ச அப்பா அம்மா கிடையாது. ஒரு ராத்திரி தங்கமணி சொன்னதோட பேச்சு முடிஞ்சுது.

"பையன் பொறந்தா என்னங்க? இதனால அவன் உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வயசு வந்ததும் நாமளே அவன்கிட்ட சொல்லிடுவோம். அவன் பொண்டாட்டியாவது மூணு வருஷம் ஊசி போட்டுக்க வேண்டாம்."

முதல் தடவை இக்ஸி தோத்துப் போச்சு. அதுக்கும் பத்துப் பன்னெண்டு நாள் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கறது, எல்லாம் அவங்களுக்குத்தான். குறை என்கிட்ட இருந்தாலும் வலி அவங்களுக்குத்தான், வைத்தியமே அப்படித்தான் இருக்கு. ரெண்டாவது தடவை நின்னுச்சு. 2019-ல பொறந்தான். ஆமா, பையன்தான்.

அவனுக்கு வயசு வந்ததும் சொல்லுவேன். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி அவன் பர்த் சர்டிபிகேட் கூடவே வெச்சிருக்கேன். சொல்றதுல வெறும் நேர்மை மட்டும் இல்லை, உபயோகமும் இருக்கு. 'சி' பகுதி இல்லாதவங்களுக்கு வயசாக ஆக அணு எண்ணிக்கை இன்னும் குறைஞ்சுக்கிட்டே போகலாம். இருபது சொச்சம் வயசுலயே டெஸ்ட் பண்ணி, இருக்கறதை உறையவெச்சு சேமிச்சுக்கலாம். எங்கப்பாவுக்குத் தெரியாததால எனக்குச் சொல்லலை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம விட்டா அதுதான் துரோகம். என் தம்பிகிட்டயும் சொல்லி டெஸ்ட் எடுக்க வெச்சேன். அவனுக்கு ஒண்ணும் இல்லை. "இதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பாண்ணே?"ன்னு சிரிச்சான். சிரிக்கட்டும்.

---

ஆக, நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

குழந்தை தள்ளிப்போனா முதல் டெஸ்ட் ஆம்பளைக்கு. ரெண்டாவதா கூட இல்லை, முதல்ல. பிரச்சனை உள்ள ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ரெண்டுல ரொம்பச் சுலபமான டெஸ்ட்டும் நம்மளுதுதான். அதை முதல்ல எடுக்காம அவங்களை அறுக்கறதுக்கு ஒரு நியாயமும் கிடையாது.

எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 50 லட்சத்துக்குக் கீழ இருந்தா குரோமோசோம் டெஸ்ட் பத்தி கேளுங்க. 10 லட்சத்துக்குக் கீழயோ, சுத்தமா இல்லைன்னோ வந்தா ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுக்காம இக்ஸிக்குக் கையெழுத்துப் போடாதீங்க. "எதுக்கு சார் வெட்டிச் செலவு"ன்னு சொன்னா இடத்தை மாத்துங்க.

ரிப்போர்ட்டை மறைக்காதீங்க. ஆண்மைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விந்தணு எண்ணிக்கை குறைஞ்சவனுக்கு மீசையும் முளைக்கும், தாம்பத்தியமும் நடக்கும். நம்ம பேச்சுல 'மலடி'ங்கற வார்த்தை எவ்வளவு சரளமா புழங்குது! அதுக்கு ஆண்பால் யார் வாயிலயாவது அவ்வளவு சுலபமா வருதா? எனக்கு அந்த ஆண்பாலும் வேண்டாம், பெண்பாலும் வேண்டாம். ரெண்டையும் சேத்துக் குப்பையில போடுவோம். ஆனா போடற வரைக்கும், பாதி பாரத்தையாவது நாம தூக்குவோம்.

அந்த சாம்பார் வாளித் தம்பிக்கு என் கதையை அன்னிக்கே மண்டப வாசல்ல நின்னு சுருக்கமா சொன்னேன். சிரிப்பு நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் வாளியையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "எந்த லேப்புண்ணே போகணும்?"னு மெதுவா கேட்டாரு. இந்தப் பதிவோட லிங்க்கை முதல்ல அவருக்குத்தான் அனுப்பப் போறேன்.

சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்னு அந்தப் பெரியம்மா சொன்னது சரிதான். ஆனா எந்தச் சட்டின்னு யாருமே எட்டிப் பாக்கலையே!

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. ஏழெட்டு வருஷமா இதைப் படிச்சுக்கிட்டிருக்கற ஒரு பேஷண்ட், அவ்வளவுதான். உங்க ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, பின்னூட்டத்துல போடாதீங்க.

டிஸ்கி 2: இந்தப் பதிவுக்கு மட்டும் அனானி ஆப்ஷனைத் திறந்து வெச்சிருக்கேன். பேர் சொல்லிக் கேக்க முடியாதுங்கறது எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவன்தான். கும்மி அடிக்கறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, வழக்கம்போல மொக்கை ரெடி :-)